பிரேக்கக்கா கார் விற்றது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாவுக்குப் பழகியவர்கள் வைத்த பெயர் பிரேக்கக்கா. வண்டிக்குள் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் 'பிரேக்'. தன் பக்கத்திலும் ஒரு பிரேக் பொருத்திய பழைய கார், அதுதான் அவள் சொத்து, பிழைப்பு எல்லாம்.

கணவர் வயரிங் வேலை செய்பவர். முதலில் ஏணி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு செருப்பு மாட்டக் குனிந்தாலே வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு பழுது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். செலவைக் கேட்டதும் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று போய் வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க பேர்ல தொழில் வண்டி இருக்கே. வருமானம் வரம்புக்கு மேலன்னு காட்டுதும்மா."

"வண்டிய வித்துட்டா?"

"அடுத்த வருஷக் கணக்குலதான் பேர் சேரும்."

இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்த கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் நாலு கம்பெனியின் தாள்களைக் கட்டிலில் பரப்பினான்.

"எதை எடுத்தாலும் இதே கதைதான் அண்ணி. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் காத்திருக்கணும். பிரீமியமும் எக்கச்சக்கம்." குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா நோய் இருக்குன்னே எழுத வேணாம்."

அவள் பேனாவை எடுத்தேவிட்டாள். "ஆபரேஷனுக்குப் பணம் கேக்கறப்ப பழைய டாக்டர் சீட்டெல்லாம் தோண்டினா?"

"தோண்டுவாங்க அண்ணி. கட்டின பணமும் போயிடும்."

"அப்புறம் எதுக்குடா தம்பி சொன்ன?"

"வேற என்ன சொல்றதுன்னு தெரியலண்ணி" என்றவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கடைசியில் வழி காட்டியவள், அவளிடம் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண். துணி ஆலையில் ஆபீஸ் வேலை அவளுக்கு. "எங்க கம்பெனியில குரூப் இன்சூரன்ஸ் இருக்குக்கா. வீட்டுக்காரரையும் சேக்கலாம், பழைய நோய்க்கும் உண்டு. வேலையாளுங்கள ஏத்திட்டு வர்ற பஸ் ஓட்ட ஆள் தேடறாங்க. என்ன, மூணு மாசம் கழிச்சு நிரந்தரம் ஆனாத்தான் இன்சூரன்ஸ் கார்டு தருவாங்க."

பஸ் ஓட்டத் தேவையான கனரக வாகன லைசென்ஸ் அவளிடம் இருந்தது; வேலையில் சேர்ந்துவிட்டாள். கார்டில் அடங்காத செலவுக்குக் காரை விற்கப்போவதாகச் சொன்னதும் கணவர் பதறினார். "வேணாம்மா. நான் போய்ச் சேந்தா உனக்கு வண்டியாச்சும் மிஞ்சும்."

"பேசி மூச்ச வீணாக்காதீங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த மாதங்களில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கினார். போன் அடித்தாலே அவள் பஸ்ஸை ஓரங்கட்டி எடுத்தாள். மூன்றாம் மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில் அவருக்கு உதடு நீலம் பாரித்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆபரேஷனுக்கோ அங்கே ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள்.

மேனேஜர் அறைக்கு ஓடினாள். "ஒரே ஒரு வாரம் சார். இன்னைக்கே நிரந்தரம் பண்ணிடுங்க. ஆயுசுக்கும் உங்க பஸ்ஸ ஓட்டறேன்."

"உனக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும்மா" என்று அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் ராத்திரியெல்லாம் கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கட்டிலடியில் கிடந்தாள். விடிந்ததும் எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். ஒரு நாள் போகாவிட்டாலும் கார்டு தள்ளிப்போய்விடும். சொன்ன தேதியில் கார்டு வந்தது. தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றி வால்வைப் பொருத்தினார்கள். காப்பீடு பாதிக்குத்தான் வந்தது; கார் விற்ற பணம் மிச்சமில்லாமல் கரைந்தது.

இப்போது அவர் மாடிப்படி ஏறுகிறார். அவளால் வேலையைத்தான் விட முடியவில்லை. விட்டால் கார்டும் போய்விடும். வால்வு மாற்றியவருக்குத் தனியாகப் பாலிசி கொடுக்க எந்தக் கம்பெனியாவது முன்வருமா என்று கொழுந்தன் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.