கறுப்புக் காயில் வந்த முதல் ரேட்டிங்

கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில் சந்தன வாசனை இன்னும் போகவில்லை. முந்தின நாள் முகூர்த்தம். மணமேடையில் ஆர்பிட்டர் எனும் நடுவரின் மேஜை, பந்தி மேஜைகளில் செஸ் போர்டுகள்...

அப்போது நான் கல்வராயன் மலையில் டீச்சர். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தேன். எனக்கு ரேட்டிங், அதாவது செஸ் தரப்புள்ளி, கிடையாது. வாங்காமல் மலையேறுவதில்லை என்று முடிவு. திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்!

கடைசி ரவுண்டு. எதிரே மூங்கில்துறைப்பட்டுக்காரர். கரும்பு டிராக்டர் ஓட்டுபவர், என் வயதுதான். அவருக்கு ரேட்டிங் உண்டு. அவரை ஜெயித்தால் எனக்கும் வந்துவிடும்.

எனக்குக் கறுப்புக் காய். குதிரையால் அவர் ராணியைப் பிடித்தேன். தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் ரிசல்ட் சீட்டை நான்தான் எழுதினேன். வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0... அதாவது, தோற்றது நான்! அவரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சுவரில் ரிசல்ட் ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். ஆர்பிட்டரிடம் ஓடினேன்.

"ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுகிறீங்களேம்மா, நான் இன்னா பண்றது? அவரு வந்து சொன்னாதான் மாத்துவன்."

வாசலில் அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தோற்றவர் எதற்குத் திரும்பி வரப்போகிறார்? பயந்துகொண்டேதான் விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் உள்ளே வந்தார்.

"சார், ரிசல்ட் தப்பா கீதுங்க. நான்தான் தோத்தன். மாத்திடுங்க."

"உனுக்கு ரேட்டிங் கொறையும்பா, தெரியுமில்ல?"

"ஆட்டமே போயிடுச்சி சார், ரேட்டிங்க வச்சிகினு இன்னா பண்றது?"

அடித்துத் திருத்தி, மறுபடி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு ஒருநாள் பிரவுசிங் சென்டரில் ரேட்டிங் லிஸ்டைத் திறந்தேன். என் பெயரைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து சீட்காரர் முறைத்தார்.

இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்த கையோடு போனில் ரிசல்ட் வந்துவிடுகிறது. ரேட்டிங் ஏறியதா, இறங்கியதா... வாங்கிய டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். என்னுடையது நன்றாகவே ஏறிவிட்டது. இன்று எங்கள் பக்கத்தில் என் எதிரே உட்கார யோசிப்பார்கள், பெருமையாகவே சொல்வேன்.

ஆனாலும் இணையத்தில் அந்தப் பழைய டோர்னமென்ட் பக்கத்தை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். கடைசி ரவுண்டு. என் பெயருக்கு நேரே 1, அவர் பெயருக்கு நேரே 0.

பார்க்கிறவர்களுக்கு அது யாரோ ஒருவரின் தோல்வி. அந்தப் பூஜ்யத்தை அவரே திரும்பி வந்து கேட்டு வாங்கினார்.