பானட்டுக்கு உள்பக்கம்

டெல்மர் ராஷ் முப்பத்தொரு வருஷம் பால் லாரி ஓட்டினார். விஸ்கான்சினில் அந்தப் பக்கத்துப் பண்ணை ஒவ்வொன்றிலும் விடியும் முன்பே போய் நின்று, குளிர்தொட்டியில் அளவுகோலை விட்டு, எவ்வளவு பால் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார். மாட்டுக்காரர்கள் அந்தச் சீட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஆணியில் குத்திவிட்டுப் போவார்கள். எழுதியது டெல்மர், அது போதும். அவர் ஓய்வு பெற்ற அன்று சர்ச் கூடத்தில் கேக் வெட்டிப் பேசிய எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, மனுஷன் வேறு என்ன பெரிதாகச் சேர்த்து வைத்தார்?

அப்படிப்பட்டவர் அறுபத்துநாலு வயதில் ஒரு பொய் சொன்னார். அதுவும் புல் வெட்டுகிற ஒரு டிராக்டருக்காக.

பக்கத்து வீட்டு ஓர்வில் க்வாமியிடம் ஒரு சிவப்புத் தோட்ட டிராக்டர் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் வாங்கியது. வயலில் ஓடும் டிராக்டர் குட்டி போட்டது போல இருக்கும். கோடையில் புல் வெட்டும், குளிர்காலத்தில் வாசலில் பனி தள்ளும். இப்போது கடையில் விற்கிற தகர டப்பா வண்டிகளில் மூன்றைப் பாழாக்கி முடித்திருந்த டெல்மர், இருபது வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்து ஏங்கியவர். ஒரு தடவை வாய்விட்டு இரவல்கூடக் கேட்டார்.

"எங்க வெட்டணும்னு சொல்லு, நானே வந்து வெட்டித் தரேன்," என்றார் ஓர்வில். "ஆனா இந்த சீட்டு என் பின்பக்கத்துக்குப் பழகினது. வேற யார் உக்காந்தாலும் ஒத்துக்காது."

ஓர்வில் ஒரு செப்டம்பரில் இறந்துபோனார். எல்லாவற்றையும் ஏலம் போட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அரிசோனாவில் இருந்த மகன் சொல்லிவிட்டான். அதனால் மகள் ஜெனலும் அப்பா வீட்டு வாசலிலேயே, மற்றவர்களைப் போல எண் எழுதிய அட்டையோடு நிற்க வேண்டியதாயிற்று.

அந்த ஊர் ஏலங்களில் ஒரு நடைமுறை உண்டு. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இறந்தவரின் பிள்ளை ஒரு பொருளுக்கு அட்டையைத் தூக்கினால், மற்றவர்கள் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள். ஏலக்காரர் மூச்சு விடாமல் கூவுவதை நிறுத்திச் சுற்றிலும் ஒரு தரம் பார்ப்பார். எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள். பொருள் பிள்ளைக்குப் போய்விடும்.

டிராக்டர் வந்தபோது ஜெனல் அட்டையைத் தூக்கினாள். கூட்டம் அடங்கியது. அந்த அமைதியில் விலையை ஏற்றச் சொல்லி டெல்மர் தலையை அசைத்தார். லேசாகத்தான். ஏலக்காரர் நம்ப முடியாமல் அவரையே பார்த்தார். ஜெனல் மறுபடியும் தூக்கினாள். டெல்மர் மறுபடியும் அசைத்தார். மூன்றாவது தடவை அவள் கை எழவில்லை.

"அது ஜெனல்னு தெரியலியா உனக்கு?" என்று நாலு பேர் வந்து கேட்டார்கள்.

"எனக்கு முன்னால ஒரு தொப்பிக்காரன் மறைச்சுட்டு நின்னான். நான் பாக்கல," என்றார் டெல்மர்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் மனைவி ஆர்லிஸ் சொன்னாள். "உனக்கு முன்னால யாருமே இல்லியே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"நீ பன் வாங்கப் போயிருந்த."

"வாங்கித் தின்னுட்டே திரும்பி வந்துட்டேன், டெல்மர்."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறவர்கள் அல்ல. பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள், பேச்சில் இருக்கிற சூட்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். ஞாயிறு காலை பிரார்த்தனை முடிந்து காப்பியோடு டெல்மர் உட்கார்ந்த மேஜையில் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. வெள்ளிக்கிழமை ஊர்கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்குப் போனால், "நல்ல குளிர் இல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள். டெல்மர் அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜிலேயே கிடந்தார்.

வேலைக்கும் குறைவில்லை. டிராக்டரின் எஞ்சின் மூடியான பானட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி மூன்று நாள் ஊறப்போட்டார். அடியில் இருக்கும் புல் வெட்டும் பெட்டியின் பேரிங்குகளை மாற்றினார், கிழிந்த சீட்டைத் தைக்கக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு தகடாகக் கழற்றி, கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் பழைய பெயிண்டை வெள்ளை இரும்பு தெரியும் வரை சுரண்டினார்.

பானட்டைத் திருப்பிப் போட்டபோது உள்பக்கம் முழுவதும் எழுத்தாக இருந்தது. ஓர்வில் எண்ணெய் மாற்றிய தேதிகள், மெழுகுப் பென்சிலால் நாற்பது வருஷத்துக்கும் மேலாக எழுதி வைத்தவை. இதை எல்லோரும்தான் செய்வார்கள். சில தேதிகளுக்குப் பக்கத்தில் இரண்டொரு வார்த்தைகளும் இருந்தன. டெல்மர் சிலவற்றைப் படித்தார். ஒன்றைப் படித்துத் தனியாகச் சிரிக்கவும் செய்தார். அப்புறம் உப்புத்தாளைப் புதிதாக மடித்துக்கொண்டார். பிரைமர் ஒன்று, சிவப்பு மூன்று பூச்சு. ஏப்ரலில் வண்டி சாவியை முதல் தடவை திருகியதுமே கிளம்பியது.

மே நடுவில் ஆசை ஆசையாகப் புல் வெட்டப் போனவர் நாலு வரிசையோடு நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர்வில் வீட்டில் புல் முழங்கால் உயரம் நின்றது. வீட்டையும் விற்றாகிவிட்டது, புது ஆட்கள் ஜூனில் வருகிறார்கள்.

"இத அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடறேன்," என்றார். "ஒரு காசு வேணாம்."

"குடு," என்றாள் ஆர்லிஸ். "அதோட இன்னொண்ணும் குடுக்கணும். அது என்னன்னு உனக்கே தெரியும்."

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாள். ஜெனல் அப்பா கல்லறையில் ஜெரேனியம் நட்டுவிட்டு, வீட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்திருந்தாள். டெல்மர் வேலியோரம் போய்க் கூப்பிட்டார். மரியாதைக்காக வந்தாள். கராஜ் கதவை அவர் தூக்கியதும் டிராக்டர் பளபளவென்று நின்றது.

"இது உனக்குத்தான், ஜெனல். எடுத்துட்டுப் போ."

அவள் பெயிண்டைப் பார்க்கவில்லை. சீட்டையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பானட்டைத் தூக்கினாள். உள்ளேயும் பளபளப்பு. கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எழுத்து எங்க?"

டெல்மர் உள்பக்கத்துச் சிவப்பைப் பார்த்தார். "சுரண்டிட்டேன்," என்றார்.

அவள் தூக்கிய பானட்டைப் பிடித்தபடியே நின்றாள். "எங்கப்பா கடுதாசி எழுதினதில்ல. போன்ல 'சரி'ங்கறதுக்கு மேல பேசினதில்ல. எழுதினதெல்லாம் இதுலதான். நான் வீட்ட விட்டுப் போன வருஷம் என்ன எழுதினார்னு பாக்கணும்னு இருந்தேன். அவர் இருக்கறப்ப தொறந்து பாக்க வெக்கமா இருந்துச்சு. அதுக்குத்தான் ஏலத்துக்கு வந்தேன்."

"ஒண்ணு ஞாபகம் இருக்கு," என்றார் டெல்மர். "'எண்ணெய் மாற்றினேன். பெண் போய்விட்டாள். புல் இரண்டு முறை வெட்டினேன்.' அவ்வளவுதான். ஒரே நாள்ல எவன் ரெண்டு தடவ வெட்டுவான்னு சிரிச்சேன். அதான் மறக்கல."

ஜெனல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லாத பார்வை. "எனக்காக இட்டுக்கட்டிச் சொல்றீங்களா?"

முப்பத்தொரு வருஷம் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் சொன்னது சத்தியம், ஆனால் அதை நம்ப அவளுக்குக் காரணம் எதுவுமில்லை. அந்த ஒரு வரி இப்போது உலகத்தில் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவர் வார்த்தைக்கு மதிப்பு இல்லையென்றால் அந்த வரியும் இல்லை.

"தொப்பிக்காரன் யாரும் இல்ல, ஜெனல்," என்றார். "உன் அட்டைய நான் பாத்தேன். ரெண்டு தடவையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் தலைய ஆட்டினேன். ஊர்பூரா பொய் சொன்னேன். இது பொய் இல்ல."

அவள் பானட்டின் உள்பக்கத்தை மறுபடியும் ஒரு தரம் தடவினாள்.

"என்ன தேதி போட்டிருந்துச்சு?"

"எண்பத்தெட்டு, ஆகஸ்ட் இருபத்தேழு."

அவள் பானட்டை மெதுவாக மூடினாள். "நம்பறேன்," என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சாவியைத் திருகி வண்டியை வெளியே எடுத்தாள். வேலி முடிகிற இடத்தில் சுற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய், முழங்கால் உயரப் புல்லில் வெட்டும் பெட்டியை இறக்கினாள். ஆர்லிஸும் வெளியே வந்து கணவரின் பக்கத்தில் நின்றாள். வரிசை வரிசையாகக் கடைசி மரம் வரை வெட்டி முடித்து, ஜெனல் வாசலுக்கு வந்து திரும்பினாள். வண்டியை நிறுத்துவாள் என்று டெல்மர் நினைத்தார். அவள் நிறுத்தவில்லை. முதல் வரிசையிலிருந்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள்.