நல்ல நேரத்தில் போட்ட விதை

தேங்காய் மட்டைத் தூளான தும்புச்சோற்றை முதலில் தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும். பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் வந்த பிறகே தட்டில் நிரப்பி விதை போட வேண்டும். பையிலேயே அச்சிட்டிருக்கிறது. என் மனைவியோ காய்ந்த தும்புச்சோற்றில் தக்காளி விதையைத் தூவிவிட்டு, மேலே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. விதைகள் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கின.

“ஏன் முதலிலை நனைக்கேல்லை?”

“நீங்கள் கதைச்சு முடிக்கிறதுக்குள்ளை ராகு காலம் வந்திடும்.”

காய்ந்த தூசியில் தண்ணீர் பட்ட மணம் என்னை எங்கள் ஊரான நெல்லியடிக்குக் கொண்டுபோனது. எங்கள் கிணறு இரண்டு தோட்டங்களுக்குப் பொது. அன்று பக்கத்துத் தோட்டத்துக் கந்தையா அண்ணையின் இறைப்பு முறை நீண்டுகொண்டே போனது. நல்ல நேரம் முடியப்போகிறதென்று என் ஐயா காய்ந்த நாற்றுமேடையிலேயே மிளகாய் விதையைப் போட்டார். எங்கள் முறை வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டார். அந்தப் போகத்துக்கு வைத்திருந்த விதை முழுவதும் மிதந்துபோய்ப் பள்ளத்தில் குவிந்தது. அங்கே மட்டும் புல்லுப் போல முளைத்தது.

“நல்ல நேரத்திலை போட்டதெல்லோ? நல்லாத்தான் முளைச்சிருக்கு, ஒரே இடத்திலை,” என்றார் அம்மா. “ஏனப்பா முதலிலை நனைக்கேல்லை?”

ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார். கந்தையா அண்ணை தந்த மிச்ச நாற்றில்தான் அந்த வருஷம் தோட்டம் செய்தோம். கிணற்றடியில் கண்ட போதெல்லாம் அவர், “என்ன, மேடை நனைச்சாச்சோ?” என்பார்.

மனைவி சொன்னதை நான் பதிலாக ஏற்கவில்லை, காத்திருக்கிறேன். அம்மா கேட்டது புரட்டாதியில். “ஓம், நனைச்சிருக்கலாம்” என்று ஐயாவிடமிருந்து பதில் வந்தது தைப்பொங்கலன்று.