குழுவை விட்டு வெளியே போன குரல்

தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியின் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், என் ஒன்பதாம் வகுப்பில் யாரும் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவார்கள். அதனால் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். மாலையில், வீட்டுப் போனில், அன்று நடந்ததை ஆங்கிலத்தில் பேசி வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டும். முகம் தெரியாததால் கூச்சம் குறைந்தது. வகுப்பில் தலை நிமிராத சரண்யாதான் முதலில் பேசினாள்.

ஒரு நாள், மிளகு காயவைத்ததைச் சொல்லும்போது அவள் 'பெப்பர்' என்பதைப் 'பேப்பர்' என்றுவிட்டாள். உடன் படிக்கும் தினேஷ் அதைச் சிரிப்புப் பொம்மைகளோடு வேறொரு குழுவுக்கு அனுப்பினான். அது கைமாறி மலையிறங்கியது. பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன அவள் அப்பாவிடமே ஒருவர் போட்டுக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் அவர் மகளோடு பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், படிக்கட்டும்னுதானுங்க போனைக் குடுத்தேன். எம்புள்ள பேச்சைச் சந்தையில வெச்சுச் சிரிக்கறாங்க. இனி அவளுக்குப் போன் வேண்டாமுங்க."

"வகுப்புல தப்பாப் பேசினா அது அங்கயே முடிஞ்சுருமுங்க. போன்ல முடியாதுங்க. இனிமே எனக்கு மட்டும் அனுப்பட்டும். அவ சரின்னாத்தான் குழுவுல போடுவேனுங்க."

அவர் மகளைப் பார்த்தார். "நீ என்ன கண்ணு சொல்ற?"

"டீச்சருக்கு மட்டும்னா பேசறேனுங்கப்பா."

தினேஷைக் கூப்பிட்டுப் பேசினேன். சும்மா சிரிப்புக்குத்தான் என்றான். "அவ அப்பாவும் சிரிச்சாரான்னு கேட்டியா?" என்றேன். அன்றே சரண்யாவிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதன் பிறகு எல்லோருக்கும் அதே விதிதான். சரண்யா எனக்கு மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தாள். அரையாண்டு விடுமுறையில் ஒரு மாலை, யாரும் கேட்காமலே குழுவில் அவள் குரல் வந்தது. பஸ் கொண்டை ஊசி வளைவில் நின்றுபோனதாம். "ஐ வாக் டில் ஹோம். மை லெக் இஸ் ஆங்ரி."

பிறகு தினேஷின் குரல்: "நவ் லெக் ஓகே?"

"லிட்டில் ஓகே. டுமாரோ ஆல்சோ நோ பஸ்."

இரண்டு பேருக்கும் திருத்தம் தட்டி வைத்திருந்தேன். அனுப்பாமல் அழித்தேன். இலக்கணத்தைப் பள்ளி திறக்கும் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.