உரோமம் மாற்றிய மலைவீசல்

வைக்கோல் அடைத்துப் பாடம் பண்ணிய மிருகமும் பருவத்துக்கு உரோமம் மாற்றும் என்று ஒன்பது வயதில் மனதார நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். எனக்கு ஆதாரம் இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, இமயமலைப் பக்கம் ஒரு துரையுடன் கிளார்க்காக அலைந்துவிட்டு வெள்ளவத்தைக்கு வந்த சின்ன மாமா, டிரங்குப் பெட்டியில் பாடம் பண்ணிய மலைவீசல் என்றொரு மிருகத்தைக் கொண்டுவந்திருந்தார். நம்மூர்க் கீரிக்கு மெலிந்த தம்பி போலிருக்கும். முதுகு கபிலம், வயிறு பாலாடை நிறம், கண்ணுக்குக் கண்ணாடி மணி. பாறை இடுக்கில் குடியிருக்கும், தன்னைவிடப் பெரியதையும் கழுத்தில் கடித்துக் கொல்லும், குளிர் வருமுன் பழைய உரோமத்தை உதிர்த்து மஞ்சள் சட்டை போடும் என்று மாமா ஓயாமல் சொல்வார்.

"என்ன தின்னும் மாமா?"

"மலையிலை எலியளவிலை ஒரு சாதி இருக்கு. முயலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்."

பின்வளவில் எனக்கு இரண்டு முயல்கள் இருந்தன.

கார்த்திகை மழையில் ஊர் குளிர்ந்த ஒரு பின்னேரம் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வாலடியில் உரோமம் உதிர்ந்து கிடந்தது. உரோமத்தை அரிக்கும் அந்துப்பூச்சி என்றொரு ஜீவன் உலகில் உண்டென்று யார் கண்டது? சட்டை மாற்றுகிறது, ஆகவே உயிரோடிருக்கிறது, ஆகவே பசிக்கும். கோட்டில் வாதாடும் அப்புக்காத்தும் தோற்றுப்போவார்.

அதைத் துவாயில் சுற்றி, ரயில் பாதையைக் கடந்து ஓடி, கடலில் எறிந்தேன். அலை திருப்பிக் கொண்டுவந்து காலடியில் வைத்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி வந்தது. நீச்சலும் தெரிந்த மிருகம்! நான் போட்ட கூச்சலில், தூண்டில் போட்டிருந்த மனிதர் "மொகத மல்லி?" என்று, என்ன தம்பி என்பதைச் சிங்களத்தில் கேட்டபடி எழுந்தேவிட்டார்.

தேடிக்கொண்டு வந்த மாமா, நனைந்த வீசலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முயலைத் தின்னப் போகுது மாமா!" என்று கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. பாறை விளிம்புவரை நடந்துபோய், கைவீசி அதை வெகுதூரம் எறிந்தார்.

"போடா, உன்ரை மலைக்குப் போ! இனி வராது மருமோன். வா, முயலுக்குப் புல்லுப் பிடுங்குவம்."

என் மாமாவைப்போல் பலசாலி கொழும்பிலேயே இல்லை என்று நினைத்தபடி அவர் விரலைப் பிடித்து நடந்தேன். காயவைத்திருந்தால் அந்தத் தோல் தேறியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் இருந்த காலம் முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வயதிலும் அவரை நினைத்தால் கை தானாகக் குவிகிறது.

அம்மாதான் பின்னர் சொன்னாள். கொழும்பில் மிருகத் தோல் சேகரிக்கும் வேறொரு துரை, வீசலைக் கொண்டுவந்தால் மாமாவுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தாராம். அடுத்த திங்கட்கிழமை மாமா அவரிடம் வெறுங்கையோடு போனார். வேலை கிடைக்கவில்லை.