வைகாசிக்குத் தள்ளிவிட்ட என் தம்பி நாள்

எங்க ஊரு மீனவர் சங்கக் காலண்டரை வருசா வருசம் டைப் அடிச்சுக் கட்டம் கட்டுறது நான்தான். ராமநாதபுரத்துல ஒரு அச்சகத்துல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பொழப்பு ஓட்டுறேன். பொறந்தது ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரை.

அங்கன ஒரு வழக்கம் உண்டு. கடல்ல ஒருத்தன் செத்துட்டா, வருசா வருசம் அந்த நாள்ல ஒரு படகும் தொழிலுக்குப் போகக்கூடாது. காலண்டர்ல அந்தக் கட்டத்துல அவன் பேரைச் சிவப்புல போட்டு, கீழ 'தொழில் நிறுத்தம்'னு போடணும். ஐப்பசியில ஒரு கட்டம் என் தம்பிக்கு. காத்துல படகு கவுந்து போனவன், உடம்பு கூடக் கெடைக்கல. பொதைச்ச எடம்னு ஒண்ணு இல்லாத எங்களுக்கு அந்தக் கட்டம்தான் இருந்துச்சு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சங்கச் செயலாளர் எழுதிக் கொண்டாந்த தாள்ல அது வெறுங்கட்டமாக் கெடந்துச்சு. அந்த ஆளு எனக்குச் சித்தப்பா முறை.

"தம்பி நாள் எங்க சித்தப்பா?"

"எல்லாரையும் சேத்து ஒரே நாளா வச்சாச்சு தாயி. வைகாசியில."

வைகாசி! மீன் முட்டையிடுற காலம்னு அரசாங்கமே படகைக் கட்டிப்போடச் சொல்ற தடைக்காலம். எப்படியும் கரையில கெடக்கப் போற படகை நிறுத்தி வச்சு என் தம்பிக்கு மரியாதையாம். தூ! வெக்கமா இல்ல?

"இவனுக்கு ஒரு நாள், அவனுக்கு ஒரு நாள்னு விட்டா தொழில் என்னத்துக்கு ஆகும்? கூட்டத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. செத்தவனுக்கு எந்த நாளா இருந்தா என்ன தாயி?"

அப்பத்தான் தை மாசத்தைப் பாத்தேன். அங்க மட்டும் ஒரு பேரு சிவப்புல இருந்துச்சு. கடல்ல போன அவரோட அப்பா பேரு.

"இது மட்டும் எப்படி?"

"அவரு சங்கத்தை ஆரம்பிச்சவரு. அது வேற."

வேறயாம்ல வேற! அவரு அச்சடிக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் பஸ் ஏறுற வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். அப்புறம் அவங்க அப்பா பேரைத் தையிலருந்து எடுத்து வைகாசியில, என் தம்பி பேருக்குக் கீழ போட்டேன். அதுக்குப் பதிலா தம்பியை ஐப்பசிக்குக் கொண்டு போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. சத்தியமா எனக்குத் தோணவே இல்ல. அந்த ஆளு நோகணும், அம்புட்டுத்தான் தோணுச்சு.

காலண்டர் வீட்டுக்கு வீடு தொங்குன பிறகு சித்தப்பா அச்சகத்துக்கு வந்தாரு. காலண்டர்ல இல்லாத நாளுக்குப் படகை நிறுத்த முடியாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்களாம்.

"யாரைக் கேட்டு எங்கப்பாவைத் தூக்குன?"

"செத்தவருக்கு எந்த நாளா இருந்தா என்ன சித்தப்பா?"

அவரு செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கிப் போனாரு. நல்லா வேணும்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன், போங்க. தையில எல்லாப் படகும் போச்சு, அவரு படகு மட்டும் கரையில நின்னுச்சுன்னு பிறகு கேள்விப்பட்டேன்.

ஐப்பசியில தம்பி நாளன்னிக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். நேரா கடற்கரைக்குத்தான் போனேன். கரை காலி. தூரத்துல ஒரே ஒரு படகு நின்னுச்சு. எங்களைப் பெத்த அய்யாவோட படகுதான்னு மணல்ல விழுந்தடிச்சு ஓடுனேன். கிட்டப் போனா சித்தப்பா படகு. அதுக்கு எதுத்தாப்புல மணல்ல உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்துட்டு எந்திரிச்சாரு. அந்த மனுசன் அங்கன நின்னது எனக்குப் பிடிக்கவே இல்ல.

வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட அய்யா எங்கன்னு கேட்டேன்.

"கடலுக்குத்தான்" அப்படின்னா அம்மா. "காலண்டர்லதான் ஒண்ணும் போடலையேத்தா."