பிளாஸ்திரி போட்ட படகு

படகுத்துறையில் அவளுக்கு முதலாளியம்மா என்று பெயர். இருந்தது ஒரே ஒரு நீலப் படகு. அதுவும், வலை இழுத்து இழுத்துப் புருஷனுக்கு இடுப்பு விட்டுப்போய் அவர் கட்டிலோடு கிடந்த பிறகு தலையில் விழுந்த பதவி. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்தப் படகு அடிபட்டபோது அவள் செய்த காரியத்தை, அவளைக் கண்டாலே ஆகாதவர்கள்கூட மெச்சித்தான் பேசுகிறார்கள்.

கரைக்குத் திரும்பும்போது, அலைத்தடுப்பிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் கிடந்த கல் ஒன்று படகின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஆட்கள் பழைய சாக்கை அடைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே ஒருவழியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டாள். சர்வேயர் வந்து பார்க்கிறவரை படகில் கை வைக்கக் கூடாது என்றார்கள். எப்போது வருவார்? வேறொரு கரையில் புயல் அடித்து ஏகப்பட்ட படகுகள் நொறுங்கிக் கிடக்கின்றன, அதை முடித்துவிட்டுத்தான். போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாள். எந்தப் படகின் ஓட்டை என்று போட்டோவை வைத்து எப்படிச் சொல்வது என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் கடலில் மீன் வாரிக் கொடுக்கிற நேரம் அது. படகு கரையில் கிடந்தால் ஆட்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். பழுது பார்க்கக் கையில் காசும் இல்லை. அதே துறையில் சொந்தப் படகு வைத்திருந்த கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி, ரிப்பேர் செலவு நான் போடுறேன். கிளெயிம் வந்தா திருப்பிக் குடுங்க. வரலேன்னா படகை என் பேருக்கு மாத்திடுங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க, தொழில்னா தொழில்."

"உன் மனசு எனக்குத் தெரியாதா தம்பி? படகு அடிபட்ட அன்னிக்கே நீ அதுக்குப் பெயிண்ட் கலர் பார்த்திருப்பே."

சொன்னாளே தவிர, வேறு வழி இல்லை. சரி என்றாள்.

படகைப் பட்டறையில் ஏற்றினார்கள். ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் வாடை மூக்கைத் துளைக்கிற தகரக் கொட்டகை. ஃபைபர்காரர் கிரைண்டரைக் கையில் எடுத்தார். உடைந்த இடத்தைச் சுற்றித் தேய்த்துத் தூளாக்கிவிட்டு, மேலே புது ஃபைபர் ஒட்டுவதுதான் எல்லாரும் செய்கிற வேலை.

"அண்ணே, தேய்க்காதீங்க! தூளாப் போனா சர்வேயர் கிட்ட எதைக் காட்டுவேன்? அறுத்து எடுங்க. பழுத்திருக்கான்னு பார்க்க தர்பூசணியில ஒரு துண்டு போடுவாங்கல்ல, அப்படி முழுசா."

"ஏம்மா, சின்ன ஓட்டையை அடைக்கப் பெரிய ஓட்டை போடச் சொல்றியே, நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். அந்தச் சிவப்புக் கோடும் துண்டுல வரணும்."

படகைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு உண்டு. புருஷன் நல்லா இருந்த காலத்தில் தானே போட்டது. போடும்போது ஒரு தும்மல் வந்து, கோடு அந்த இடத்தில் பாம்பு மாதிரி ஒரு நெளி நெளிந்துவிட்டது. உடைப்பு அந்த நெளிவுக்குப் பக்கத்தில்தான். பாதி நெளிவு துண்டில், பாதி படகில் இருக்கும்படி அறுக்கச் சொன்னாள்.

துண்டைத் திருப்பிப் பார்த்த ஃபைபர்காரர் முகம் சுருங்கியது. புதிதாகக் கிழிந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் கறுப்பாக இன்னொரு விரிசல். முன்பு எப்போதோ விட்டு, அவர்களே பட்டி வைத்து அடைத்தது.

"பழசு இருக்குன்னு தெரிஞ்சா கிளெயிமே குடுக்க மாட்டான்மா. அந்த ஓரத்தை மட்டும் கிரைண்டர்ல ஒரு இழுப்பு இழுத்துடட்டா?"

அவள் துண்டை வாங்கி அந்தக் கறுப்பைப் பார்த்தாள். கிளெயிம் வராவிட்டால் படகு கொழுந்தனுக்கு.

"வேண்டாம்ணே. ஒண்ணை மறைச்சா, காட்டுறதையும் நம்ப மாட்டான். நானா இருந்தா நம்ப மாட்டேன்."

துண்டைப் புருஷன் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "மேல ஒரு உடைஞ்ச சாமான், கீழ ஒரு உடைஞ்ச சாமான்" என்றார் அவர். "கீழ இருக்கிறதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்றாள் இவள்.

சர்வேயர் வந்து பார்க்கிறவரை புது ஃபைபருக்குப் பெயிண்ட் அடிக்கவும் விடவில்லை. நீலப் படகில் பழுப்பு மஞ்சளாக ஒரு திட்டு. துறை முழுக்கச் சிரிப்பு. "பிளாஸ்திரி வருது, வழி விடு" என்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிளாஸ்திரியோடு படகு தினமும் கடலுக்குப் போனது, ஆட்களும் போனார்கள்.

ஒருநாள் சர்வேயர் வந்தேவிட்டார். கழுத்தெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் தூக்கம். படகு ஏற்கெனவே ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்ததும் பையை மூடப் போனார்.

"என்னம்மா, கை வைக்காதீங்கன்னு சொன்னோமே?"

"படகுலதான் சார் கை வச்சேன். உடைப்புல வைக்கல."

துண்டைக் கொண்டுவந்து திட்டின்மேல் வைத்துப் பிடித்தாள். நெளிவு நெளிவோடு போய்ச் சேர்ந்தது. சர்வேயர் விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு துண்டைத் திருப்பினார்.

"இந்தக் கறுப்பு?"

"அது பழசு சார். நாங்களே பட்டி வச்சது. அதுக்கு நான் கேட்கல. கல்லு கிழிச்சது இந்த வெள்ளை. அதுக்கு மட்டும் குடுங்க."

பின்னால் நின்ற கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். படகு கைக்கு வருகிறதே என்றா, அண்ணி இப்படிச் செய்கிறாளே என்றா, அவனுக்கே தெரியாது.

சர்வேயர் கறுப்பை அளந்தார், வெள்ளையை அளந்தார். "பழசுக்குக் கழிப்பேன்" என்றார்.

"கழிங்க."

"குறைச்சலாத்தான் வரும்."

"வரட்டும். வருதுல்ல?"

வந்தது. கொழுந்தன் போட்டதற்குச் சரியாக வரவில்லை. ஆனால் குறைந்ததை அவள் அன்றே அவன் கையில் வைத்தாள். அத்தனை நாளும் பிளாஸ்திரி ஓடிச் சம்பாதித்தது அது. படகு அவள் பேரிலேயே நின்றது.

"அண்ணி, என் படகு அடிபட்டா நீங்கதான் வந்து நிக்கணும்" என்றான் அவன், சிரித்தும் சிரிக்காமலும்.

மறுவாரம் பெயிண்டர் வந்து திட்டுக்கு நீலம் அடித்து முடித்தார். சிவப்பு டப்பாவைத் திறந்துகொண்டே, "கோணலா இருந்தது போகட்டும்மா, இப்போ நேரா இழுத்துடவா?" என்று கேட்டார்.

"நேராவா? அப்புறம் அது எங்க படகுதான்னு நான் எப்படிக் காட்டுவேன்? தும்மிட்டுப் போடுங்க" என்றாள்.